கேட் திறந்தால் பாதித் தலை

என் அக்காவைக் கட்டிய மாமா முடி வெட்டிக்கொண்டே ஒரு பாலத்தை வாங்கித் தந்தவர் என்று எங்கள் புறநகரில் பேச்சு. சுத்தப் பொய். அந்தப் பாலம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மனுஷன் அரை ஆயுளைச் செலவழித்தார். அவர் கை வைத்த மற்றக் காரியங்களைப் போலவே அதுவும் உருப்படவில்லை, பாலம் வந்துவிட்டது. கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் எனக்கு இல்லை. தன் படம் வந்த செய்தித்தாளைத் தவிர வேறெதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை.

நகரத்திலிருந்து இரண்டு ரயில் பாதைகள் எங்கள் புறநகர் வழியாக வெளியே போகின்றன. அந்தக் காலத்தில் இரண்டு ரயில் கம்பெனிகள் இருந்தனவாம். ஒருவன் போட்ட தண்டவாளத்தில் இன்னொருவன் வண்டி ஓடுவதா என்ற ரோஷத்தில், பக்கம் பக்கமாகத் தனித்தனியே போட்டுக்கொண்டு போனார்கள். கம்பெனிகள் ஒழிந்து எல்லாம் ஒரே ரயில்வே ஆன பிறகும் ரோஷம் ஒழியவில்லை. கிழக்குப் பாதையின் கேட்கீப்பரும் மேற்குப் பாதையின் கேட்கீப்பரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆனாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. முந்தைய கேட்கீப்பர்கள் பேசிக்கொள்ளவில்லை, அதனால் இவர்களும் பேசிக்கொள்ளவில்லை.

பாதைகளுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குத் தாங்கள்தான் ஊர். பள்ளிக்கூடம், தபாலாபீஸ், நூலகம், மாடி வீடு, வாசலில் செடி, செடிக்குப் பின்னால் நாய். ரயில் என்றால் அவர்களுக்கு இளக்காரம். ஆனால் ரயில் இல்லாமல் ஒருவரும் ஆபீஸ் போய்ச் சேர முடியாது. அதனால் வீட்டின் முதுகைத் தண்டவாளத்துக்குக் காட்டிக் கட்டிவிட்டு, தினமும் காலையில் அதே ரயிலைப் பிடிக்க வேர்க்க விறுவிறுக்க ஓடுவார்கள். மேற்கே மரக்கடைகள், பட்டறைகள், கிடங்குகள், பெரிய ஆஸ்பத்திரி. மேற்குக்காரர்களுக்குத் தாங்கள்தான் வளர்ச்சி. கிழக்கு என்பது தூங்குவதற்காக ஏற்பட்ட இடம் என்பது அவர்கள் அபிப்பிராயம். வாடகை வீடு தேடி வருகிறவரிடம் இரண்டு பக்கத்துத் தரகர்களும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "கேட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க சார், அங்கெல்லாம் குடும்பத்தோட இருக்க முடியாது."

இரண்டு பாதைக்கும் நடுவில், தையல்காரர் வெட்டிப் போட்ட துணி மாதிரி நீளமாக ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. அதில் ஒரே ஒரு தெரு. எங்கள் தெரு. பெயர் கேட்டால் 'நடு' என்போம். ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் கழிவுநீர்க் கால்வாய். இடையில் எங்கள் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கே போகிற ரோடு. அந்த ரோட்டுக்கு எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேட். கிழக்கின் குப்பை வண்டிக்காரர் நாங்கள் மேற்கு என்பார். மேற்கின் வண்டிக்காரர் நாங்கள் கிழக்கு என்பார். குப்பை மட்டும் எங்களை விட்டுக்கொடுக்காமல் எங்களோடேயே இருந்தது.

இந்தத் தெருவுக்குத்தான் மாமா மாப்பிள்ளையாக வந்தார். முதலில் கிழக்கே கடை போட்டார், ஓடவில்லை. மேற்கே போட்டார், அதுவும் ஓடவில்லை. கடைசியில் வேறெங்கும் இடம் கிடைக்காமல், இரண்டு கேட்டுக்கும் நடுவில், எங்கள் வீட்டுத் திண்டாட்டத்துக்கு ஒரு முடிவாக, வீட்டின் முன் அறையிலேயே சலூன் வைத்தார். அது அவருடைய தொழில் நுணுக்கம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறார். அன்றைக்கு அக்கா சொன்னது வேறு: "வீட்டுக்குள்ளயே இருந்தா யாரும் வரலைன்னாலும் வெளிய தெரியாது."

ஆனால் வந்தார்கள். வராமல் எங்கே போவது? ஒரு கேட் திறந்ததும் ஜனம் நடுவுக்குள் வரும். அதற்குள் எதிர் கேட் மூடிக்கொள்ளும். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் திறந்த கேட்டும் மூடியிருக்கும். கேட்கீப்பர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் பேசாத புண்ணியத்தில் சைக்கிளும் பையும் குடையுமாகக் கூட்டம் எங்கள் தெருவில் மாட்டிக்கொண்டு விழிக்கும். விழிக்கிற கண்ணுக்கு நேர் எதிரே பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி, வெள்ளைத் துணியை உதறிக்கொண்டு என் மாமா. வேலையில்லாமல் நிற்கிற மனுஷனுக்குத்தான் தன் தலையில் முடி அதிகம் என்பது கண்ணில் படும்.

வண்டியைப் பார்த்துத்தான் வேலை. எக்ஸ்பிரஸ் என்றால் மீசையை ஒதுக்கிவிடலாம். பாசஞ்சர் என்றால் சவரம். கூட்ஸ் என்றால் முழுக் கட்டிங். கணக்கு பேஷாகத்தான் இருந்தது, ரயில்வேக்கு மட்டும் அது தெரியாது. கூட்ஸ் என்று நம்பித் துணியைப் போர்த்தி, வலது பக்கத்தை முடித்து, இடது பக்கத்தில் கத்திரியை வைக்கும்போது பார்த்தால், வெறும் இஞ்சின் தனியாகப் போய்விட்டிருக்கும். கேட் திறந்துவிடும். திறந்த கேட் மறுபடி எப்போது மூடும் என்று கடவுளுக்கும் தெரியாது. நாற்காலியில் இருப்பவர் துணியை உருவி எறிந்துவிட்டு, "மீதி சாயங்காலம்!" என்று கத்திக்கொண்டே ஓடுவார். சாயங்காலம் திரும்பி வரும்போது கேட் மூடியிருந்தால் மீதி. இல்லாவிட்டால் மறுநாள்.

இப்படியாக எங்கள் புறநகரில் பாதித் தலையோடு திரிவது ஒரு வழக்கமாகிவிட்டது. நகரத்தின் எந்த ஆபீசிலும் ஒரு பக்கம் வழித்தும் ஒரு பக்கம் புதராகவும் ஒருவர் உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள், "கேட் சீக்கிரம் திறந்துட்டாங்களா?" என்று அனுதாபத்தோடு கேட்பார்கள். பாதித் தலையோடு வேலைக்கு நேர்காணல் போன ஒருவர், கேள்வி கேட்டவரும் பாதித் தலை என்பதால் கையோடு வேலை வாங்கிக்கொண்டு வந்தார்.

இந்த நிலைமையில்தான் பாலக் கமிட்டி பிறந்தது. இரண்டு கேட்டையும் எடுத்துவிட்டு மேலே பாலம் கட்ட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. யார் தலைவர் என்பதில்தான் கைகலப்பு. கிழக்கே தலைமையாசிரியர் இருந்தார். ரிட்டயர் ஆகி வெகுகாலம் ஆகியும் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லாத குறையாக நடப்பவர். மேற்கே மரக்கடைக்காரர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார், மனுஷர்களையும் சேர்த்து. இவருக்குக் கீழ் அவர் உட்கார மாட்டார், அவருக்குக் கீழ் இவர் உட்கார மாட்டார். ஒரு நாள் இரண்டு பேரும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தார், மரக்கடைக்காரர் பெஞ்சில். சண்டை முற்றி, மூச்சு வாங்கி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாமாவைப் பார்த்தார்கள்.

"இவரே இருக்கட்டுமே," என்றார் தலைமையாசிரியர். "இவர் எந்தப் பக்கமும் இல்லை."

"ஆமா. இந்தாளு கணக்குலயே இல்லை," என்றார் மரக்கடைக்காரர்.

மாமாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து அவர் சேர்மன். சட்டையில் பை வைத்துத் தைத்துக்கொண்டார், பையில் பேனா வைத்துக்கொண்டார். கேட் இருக்கிற வரைதான் தன் கடை என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் பதவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாலம் வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பாலக் கமிட்டித் தலைவர் நாற்காலியைவிட வசதியான இடம் உண்டா?

எனக்குக் கிழக்கே, பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை. மனுக்களை டைப் செய்வது என் தலையில் விழுந்தது. மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"கிழக்கையும் மேற்கையும் இணைக்கிற பாலம்னு போட்டுட்டியா மச்சான்? கூடவே மணிக்கூண்டும் வேணும்னு போடு."

"பாலத்து மேல மணிக்கூண்டு எதுக்கு மாமா?"

"கேக்கிறதுதான் கேக்கிறோம், பெருசா கேப்போமே. நீரூற்றையும் சேர்த்துக்க."

மனு போன வேகத்தில் திரும்பி வரும், சாத்தியமில்லை என்று. மாமா அதைக் கமிட்டியில் படித்துக் காட்டிக் கண் கலங்குவார். அதிகாரியைப் பார்க்கத் தூது போவதென்றால், அவர் லீவில் இருக்கிற நாளாகப் பார்த்து ஆட்களைத் திரட்டுவார். இந்த நாடகம் யாருக்கும் தெரியாது என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். கிழக்கும் மேற்கும் ஒற்றுமையாக ரசித்த ஒரே விஷயம் அது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், "என்ன சேர்மன், பாலம் எப்ப வரும்?" மாமா முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, "வரும் வரும். தலையை ஆட்டாதீங்க," என்பார்.

பாலம் வந்ததும் அவருடைய கைங்கரியம்தான். ஒரு நாள் வெயிலில் பெரிய அதிகாரி ஒருவரின் கார் நடுவில் மாட்டிக்கொண்டது. மாமா ஆள் யாரென்று தெரியாமல் கூப்பிட்டு உட்கார வைத்து, நுரை பூசி, வழக்கம்போல் கேட்டின் கொடுமைகளை உருக்கமாக எடுத்துச் சொன்னார். ஒரு கன்னம் முடிந்ததும் கேட் திறந்தது. பின்னால் ஹாரன் சத்தம். அதிகாரி மறு கன்னத்தில் நுரையோடு ஏதோ முக்கியமான கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. அதற்குப் பிறகு எந்தக் கோப்பும் எந்த மேஜையிலும் தூங்கவில்லை. சேர்மனின் அயராத உழைப்புக்கு வெற்றி என்று பேப்பரில் போட்டார்கள். மாமா அன்று சாப்பிடவில்லை.

இன்ஜினியர் வரைபடத்தோடு வந்து, அதைச் சுழல் நாற்காலியின் மேலேயே விரித்துக் காட்டினார். பாலம் கிழக்கே பள்ளிக்கூடத்தருகில் ஏறி, இரண்டு பாதைகளையும் எங்கள் தெருவையும் ஒரே தாண்டாகத் தாண்டி, மேற்கே மரக்கடையருகில் இறங்கியது. எங்கள் தெருவில் ஒரு தூண். மாமா அந்தத் தூணைத்தான் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், கடை மேல் விழுகிறதா இல்லையா என்று. விழவில்லை. பெருமூச்சு விட்டார்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். மேற்கே ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பகுதியில் அவளுக்கு வேலை. தினமும் மேற்கு கேட்டைக் கடந்து போய் வருகிறவள், முழங்கால் வேறு ஒத்துழைக்காது. வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த ரெண்டு கேட்டும் என்ன ஆகும்?"

"சுவர் வெச்சு அடைச்சிடுவோம் அம்மா. பாலம் வந்த பிறகு கேட் எதுக்கு?"

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?"

இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். எங்கள் தெருவிலிருந்து பாலத்துக்கு ஏற ஒரு படி இல்லை. இத்தனை வருஷ மனுக்களில் நான் டைப் செய்ததெல்லாம் கிழக்கையும் மேற்கையும் இணைக்க வேண்டும் என்பதுதான். மணிக்கூண்டு கேட்டோம், நீரூற்று கேட்டோம். எங்களுக்கு ஒரு படி வேண்டும் என்று எந்த மகானுக்கும் தோன்றவில்லை. நாங்கள் எந்தப் பக்கமும் இல்லாதவர்கள் என்று ஊர் சொன்னது. அந்தப் பெருமையில் நாங்களே எங்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம்.

"படி சேர்க்கணும்னா மறுபடி வரைஞ்சு, மறுபடி அனுமதி வாங்கணும்," என்றார் இன்ஜினியர். "கொஞ்ச காலம் தள்ளிப் போகும். கமிட்டி எழுதிக் கொடுத்தா நான் செய்யறேன்."

தள்ளிப் போகும்! வாழ்நாள் முழுக்க மாமா தவம் கிடந்த வார்த்தை அது. அதைக் கேட்டு அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. அக்காவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமிட்டி பள்ளிக்கூட ஹாலில் கூடியது. மாமா எழுந்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது. அது நாடகத்துக்கு அவர் வைத்திருக்கிற நடுக்கம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு மட்டும்தான்.

"பாலத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். எங்க தெருவுக்குப் படி இல்லை. படி சேர்த்து வரையச் சொல்லுவோம்."

ஹால் முழுக்க ஒரு சிரிப்பு கிளம்பியது. கெட்ட சிரிப்பு இல்லை, பழகிய சிரிப்பு. தலைமையாசிரியர் அன்போடு சொன்னார், "சேர்மன், உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. கடை வியாபாரம் படுத்துடும். அதுக்காக இவ்வளவு தூரம் யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கீங்க பாருங்க!"

"இல்லை சார், இது நிஜமாவே..."

மரக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "போதும்யா உன் நாடகம். இவ்வளவு நாள் மணிக்கூண்டு, இப்ப படியா? உன் கத்திரிக்குத் தலை கிடைக்கணும்னு ஊரே கேட்டுல நிக்கணுமா?"

கை தட்டினார்கள். மாமா உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு நாள் கேலி செய்த என்னாலேயே அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். மச்சான் மாமாவுக்குத்தானே பேசுவான் என்று என்னையும் சிரித்திருப்பார்கள். பாலம் இருக்கிறபடியே வரட்டும் என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக்கொண்டார்கள்: பந்தல் கிழக்கு, நாற்காலி மேற்கு, மாலை கிழக்கு, மைக் மேற்கு. கடைசியில் மரக்கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்து, "ரிப்பன் வெட்டுற கத்திரியைச் சேர்மன் கொண்டு வரட்டும். அவர்கிட்டதான் நல்லது இருக்கு," என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும்.

"இத்தனை வருஷம் பொய்யா அழுதீங்க. இப்ப நிஜமா அழுதா யாரு நம்புவா?"

மாமா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அலமாரியில் வைத்தார்.

பாலம் எழுந்தது. எங்கள் தெருவுக்குக் கிடைத்தது தூணும் நிழலும். திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பே கேட்டுகளை அடைக்க உத்தரவாகியது. அப்போதுதானே ஜனங்களுக்குப் பாலத்தின் அருமை தெரியும்! கேட்டின் கடைசி நாளில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், பார்த்துக்கொள்ளுங்கள், மரக்கடைக்காரர். பழக்கத்தை விட முடியுமா? வலது பக்கம் முடிந்து இடது பக்கம் தொடங்குகையில் கேட் திறந்தது. அவரும் பழக்கப்படி, "மீதி சாயங்காலம்!" என்று கத்திவிட்டு ஓடினார். சாயங்காலம் அந்த இடத்தில் ஈரச் சிமெண்டோடு சுவர் நின்றது. மாமா அவர் கழற்றிப் போட்ட துணியை மடித்து வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார்.

அதன் பிறகு எங்களுக்கு வழி என்றால் தெரு முனையில் ஸ்டேஷன் வேலியில் இருந்த ஒரு சந்துதான். அதில் நுழைந்து, பிளாட்பாரம் ஏறி, பயணிகள் நடைபாலம் ஏறி இறங்கி, வெளியே போய் ஊரைச் சுற்ற வேண்டும். முதல் நாளே டிக்கெட் பரிசோதகர் அக்காவை நிறுத்தினார்.

"டிக்கெட் எங்கம்மா? எந்த ஊர்லருந்து வர்றீங்க?"

"வீட்டுலருந்து வர்றேன்."

"எந்த வண்டியில?"

"நடந்து."

அவர் தன் உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்து, மேலதிகாரியைக் கேட்கப் போனார். அக்கா வேலைக்கு நேரம் கழித்துப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு, வீங்கிய முழங்காலோடு திரும்பி வந்தாள். மாமா கால் பிடித்துவிட்டார். சவரத்துக்கு முகத்தில் போடுகிற சூடான துண்டை முழங்காலில் சுற்றிவிட்டார்.

திறப்பு விழா வந்தது. ரிப்பனை எந்த முனையில் கட்டுவது என்று பெரிய சண்டை. கிழக்கில் கட்டினால் பாலம் கிழக்கில் தொடங்குகிறது என்று ஆகிவிடுமாம். மேற்கில் கட்டினால் கிழக்குக்காரர்கள் வர மாட்டார்களாம். கடைசியில் ஒருவருக்கும் இல்லாமல் சரி நடுவில் கட்டினார்கள். அதாவது, எங்கள் தெருவுக்கு நேர் மேலே. காலையில் நான் மாமாவைக் கூப்பிட்டேன், ஸ்டேஷன் சந்து வழியாகச் சுற்றிப் போகலாம் என்று.

"நீ போ மச்சான்," என்றார், கத்திரியைத் துடைத்துக்கொண்டே. "நான் வந்துடறேன்."

அமைச்சர் வந்தார். மாலை, மைக், படம் பிடிக்கிறவர்கள், எல்லாம் சரியாக இருந்தது. அவர் ரிப்பன் முன் நின்று கையை நீட்டினார். பட்டுத் துணி போட்ட தட்டு ஒன்று பவ்யமாக வந்தது. தட்டில் ஒன்றும் இல்லை.

"கத்திரி எங்கய்யா?"

"சேர்மன் கொண்டு வர்றேன்னாரு சார்," என்றார் மரக்கடைக்காரர்.

"சேர்மன் எங்க?"

கிழக்குப் பக்கம் பார்த்தார்கள். மேற்குப் பக்கம் பார்த்தார்கள். கீழே பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினேன். கீழே, எங்கள் தெருவின் மத்தியில், தூணுக்குப் பக்கத்தில் சுழல் நாற்காலி போட்டிருந்தது. அதில் சலவைச் சட்டையோடு மாமா. கையில் கத்திரி. சுற்றிலும் தெரு முழுக்க ஜனம், ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு அக்கா.

தலைமையாசிரியர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து கத்தினார், "சேர்மன்! அமைச்சர் காத்துக்கிட்டு இருக்காரு! சீக்கிரம் மேல வாங்க!"

"வந்துட்டேன் சார்!" மாமா எழுந்து நின்றார். "எந்தப் பக்கமா வரணும்?"

தலைமையாசிரியர் இடது பக்கம் கையை நீட்டினார். அங்கே சுவர். வலது பக்கம் நீட்டினார். அங்கேயும் சுவர். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கயிறு விடறோம், கட்டி அனுப்புய்யா!" என்றார் மரக்கடைக்காரர்.

"விடுங்க, கத்திரி வந்துடும். அப்புறம் என் பொண்டாட்டி வேலைக்குப் போகணும். அதுக்கும் கயிறுதான் விடுவீங்களா?"

கீழே எல்லோரும் சிரித்தார்கள். மேலேயும் சிலர். அமைச்சர் சிரிக்கவில்லை, படம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ரிப்பனை விட்டுவிட்டுக் கீழே பிடிப்பதை அவர் கவனித்துவிட்டார். இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "இவங்களுக்குப் படி எங்க?"

"மனுவுல கேட்கலை சார். கிழக்கையும் மேற்கையும் இணைக்கணும்னுதான் இருந்துச்சு."

உண்மை. டைப் செய்தவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

"கேட்டாரு சார். கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டாரு. தள்ளி வைங்க, எங்க தெருவுக்குப் படி வேணும்னு சொன்னாரு. நாங்கதான் நம்பாம சிரிச்சோம்."

மைக் அவர் கையிலேயே இருந்தது. கிழக்கும் கேட்டது, மேற்கும் கேட்டது, நடுவும் கேட்டது. மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். கண்ணில் முடி விழுந்துவிட்டது என்று பின்னால் சொன்னார். அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் அவர் முடி வெட்டவில்லை.

படி நிச்சயம் வரும் என்று அமைச்சர் மைக்கில் அறிவித்தார். ரிப்பனை ஒரு காவலர் கையால் பிய்த்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அமைச்சருக்கு மிகுந்த ஈடுபாடு. அடுத்த தேர்தல் நெருங்கியதும் படி வந்துவிட்டது. அதைக் கிழக்குப் பார்த்து வைப்பதா மேற்குப் பார்த்து வைப்பதா என்று இரண்டு பக்கமும் மல்லுக்கு நின்றதில், இன்ஜினியர் வெறுத்துப் போய்த் தூணைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற இரும்புப் படியாக அமைத்துவிட்டார். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறிப் போகிறாள். சுற்றியதில் தலை சுற்றுகிறது என்று தினமும் குறை சொல்கிறாள், ஆனால் ஒரு நாளும் வேலைக்குத் தவறவில்லை.

கடையோ ஈ ஓட்டுகிறது. மேலே வண்டிகள் நிற்காமல் போகின்றன. நிற்காதவனுக்குத் தலையில் முடி இருப்பது எப்படித் தெரியும்? நகரத்தில் பாதித் தலையோடு யாரும் கண்ணில் படுவதில்லை. மாமா காலையில் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, துணியை உதறி வைக்கிறார்.

படி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புப் படியில் தடதடவென்று சத்தம். மேலிருந்து இறங்கி வந்தவர் மரக்கடைக்காரர். வழியில் தூணைத் தட்டிப் பார்த்தார், படியைத் தட்டிப் பார்த்தார், பிறகு உள்ளே வந்து கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பாதியில விட்டது. முடிச்சு விடு."

அந்தத் தலை இதற்குள் எத்தனையோ தடவை வேறெங்கோ முழுதாக வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்திருந்தது. மாமா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். மாமா மடித்து வைத்திருந்த துணியை எடுத்து உதறிப் போர்த்தினார்.

"மீதி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

ஆனால் வலது பக்கத்திலிருந்துதான் தொடங்கினார். முடித்து இடது பக்கத்தில் கத்திரியை வைக்கும்போது கூட்ஸ் ஒன்று வந்து, கண்ணாடி அதிர, கடைசிப் பெட்டி வரை போய் முடிந்தது. பழக்க தோஷம், மாமாவின் கத்திரி தானாக நின்றது. மரக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திறப்பதற்கு அங்கே கேட் இல்லை. அவர் மறுபடி மெதுவாக உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் கூட்டத்துல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"தலையை ஆட்டாதீங்க," என்றார் மாமா.